உதவித்தொகை நின்றால் பிள்ளைக்கு என்ன ஆகும்? வாசகர் கேள்வி – பதில்

மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டது என்று சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். குழந்தை ஊட்டச்சத்து, வங்கி நடைமுறை, நலத்திட்ட மனுக்கள் ஆகியவற்றில் பழக்கமுள்ளவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் தறி ஓட்டுகிறவர்கள், கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்கள். மகளிர் உரிமைத் தொகையாக வீட்டுக்கு மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாய் நின்றுபோனால் பிள்ளையிடம் அது எப்படித் தெரியும்? "ஆயிரத்தில் என்ன குடி முழுகிவிடும்?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள்.
– ஆசிரியை, அம்மாப்பேட்டை

ஆயிரத்தைக் கடைக் கணக்காகப் பிரித்துப் பாருங்கள். அரை லிட்டர் ஆவின் நீலப் பாக்கெட் 20 ரூபாய் என்றால் முப்பது நாளுக்கு 600. முட்டை ஒன்று 6 ரூபாய் என்று வைத்து, நாளுக்கு இரண்டு வாங்கினால் 360. கூட்டினால் 960. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பாலும் முட்டையும்தான் அந்த ஆயிரம்.

இது நின்றால் பிள்ளை பட்டினி கிடக்காது. அதனால்தான் உங்கள் சக ஆசிரியர்கள் கண்ணில் படுவதில்லை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். சோறும் ரசமும் வயிற்றை நிரப்பிவிடும். குறைவது புரதமும் கொழுப்பும் இரும்புச்சத்தும். எடை உடனே இறங்காது, ஏறுவது நின்றுபோகும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இதுவே பெரிய நஷ்டம். அந்த வயதில் நின்ற உயரத்தைப் பிறகு பால் வாங்கிக் கொடுத்து முழுதாக மீட்க முடிவதில்லை.

வீடுகளில் செலவை வெட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அம்மா தன் தட்டில் குறைத்துக்கொள்வாள். அடுத்து பால் போய் வரக்காப்பி வரும். முட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றாகும். அதற்குப் பிறகு டியூஷன், பஸ் காசு, நோட்டு. காய்ச்சல் வந்தால் டாக்டர் வேண்டாம், மெடிக்கலில் மாத்திரை போதும். வாடகையும் குழுக் கடன் தவணையும் கடைசி வரை குறையாது. தவணைக்கு ஆள் வாசலில் வந்து நிற்பார், பால் கேட்டு யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

பிறகுதான் கைமாற்று. மாதம் ஆயிரம் குறைகிறது, அதைப் பத்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய்க்கு, வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஆறு மாதத்தில் அசல் 6,000. முதல் ஆயிரத்துக்கு ஆறு மாத வட்டி, அடுத்ததற்கு ஐந்து மாதம் என்று கூட்டினால் வட்டி 2,100. ஏழாவது மாதம் உதவித்தொகை திரும்ப வந்தாலும் அது இந்த 8,100-க்குத்தான் போகும், பாலுக்கு வராது. நின்றது ஆறு மாதம் என்றாலும் பிள்ளைக்கு அது ஒரு வருடத்துக்கு மேல் நீளும். தொகை எவ்வளவு என்பதைவிட, சொன்ன தேதியில் தவறாமல் வருகிறதா என்பதே பிள்ளைகளுக்கு முக்கியம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இதற்கு மேல் போனால் பிள்ளையின் கை வேலைக்கு வரும். உங்கள் பகுதியில் அது தறிக்கு நூல் தார் சுற்றுவதும் கொலுசுக்குச் சலங்கை கோர்ப்பதும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி குற்றம். பள்ளி நேரம் போக சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதை அது விட்டுவைத்திருக்கிறது. அந்தச் சந்துக்குள்தான் ராத்திரி பதினொரு மணி வரை நடக்கும் துண்டுக்கூலி வேலை ஒளிந்துகொள்கிறது.

வகுப்பில் பார்க்க வேண்டியவை: திங்கட்கிழமை வராமை, முதல் பீரியடிலேயே தூக்கம், பிரார்த்தனைக் கூட்டத்தில் மயக்கம், முன்பு வாங்கிய நோட்டை இப்போது வாங்காமல் இருப்பது. குறிப்பாக ஆறாம் வகுப்பைப் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியதிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஏப்ரல் வரை உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் மதியச் சத்துணவு வரை காத்திருக்க வேண்டும். அதே சமயம் வீட்டில் பணமும் நின்றிருந்தால் அடி இரட்டை. பள்ளிச் சாப்பாடு எட்டாத இடங்கள் வேறு சிலவும் உண்டு: ராத்திரிச் சாப்பாடு, சனி ஞாயிறு, மே மாதம்.

அங்கன்வாடி வயதுத் தம்பி தங்கை இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இடது புஜத்தின் நடுச் சுற்றளவை நாடாவால் அளந்தால், 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே மெலிவு, 11.5-க்குக் கீழே கடும் மெலிவு. கடும் மெலிவு என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். "அடுத்த மாதம் எடை போடும்போது பார்க்கலாம்" என்று விடக் கூடாது. பிள்ளை பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்டது உறுதியானால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

கேள்வி: கையில் காசாகக் கொடுத்தால் அது டாஸ்மாக்குக்குத்தானே போகும்? பொருளாகக் கொடுத்தால் பிள்ளைக்குப் போகுமே?
– வாசகர், சங்ககிரி

இதை உலக அளவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-ல் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பண உதவியால் குடி, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. குறைந்த இடங்களும் இருந்தன. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு 2011–12-ல் பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய் (பின்னர் 300, 150) கொடுத்துப் பார்த்த சோதனையில் குழந்தைகளின் எடை தேறியது. பெண் குழந்தைகளுக்குக் கூடுதலாக. குடிக்கிற கணவர் கணக்கில் போடுவதும் மனைவி கணக்கில் போடுவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளாகக் கொடுக்க ரேஷன் கடை இருக்கிறது. ஆனால் காய்ச்சலுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் ரேஷன் கடையில் வழி இல்லையே.

கேள்வி: எனக்கு மகளிர் உரிமைத் தொகை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றுபோச்சு. ரேஷன் கடையில் கேட்டால் பேங்க் என்கிறார்கள், பேங்கில் கேட்டால் தாலுகா ஆபீஸ் என்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– வாசகி, கொண்டலாம்பட்டி

பாஸ்புக்கில் தொடங்குங்கள். எஸ்.எம்.எஸ்ஸை நம்ப வேண்டாம். என்ட்ரி போட்டு, வழக்கமாகப் பணம் ஏறும் 15-ஆம் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படியுங்கள். மூன்றில் ஒன்று தெரியும்.

பணம் ஏறியிருக்கிறது, உடனே பிடித்துவிட்டார்கள் என்பது ஒன்று. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடித்திருக்கலாம். 2023 செப்டம்பரில் முதல் தவணை ஏறியபோதே சில வங்கிகள் இப்படிச் செய்து, மாநில அரசு ஆட்சேபித்தது. கணக்கை இருப்பு நிபந்தனையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். பிடித்தது குழுக் கடன் தவணை என்றால், அந்தத் தானியங்கிப் பிடித்தத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லிக் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். "புதுசா ஒரு அக்கவுன்ட் ஆரம்பிச்சுடலாம்" என்று அவசரப்படாதீர்கள். ஏன் என்று அடுத்த பத்தியில் இருக்கிறது.

பணம் வேறு கணக்குக்குப் போயிருப்பது இரண்டாவது. ஆதார் வழியாக வரும் தொகை, கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. உங்கள் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். ஓர் ஆதாருக்கு அப்படி ஒரு வங்கிதான். குழுக் கடனுக்காக, மகளின் ஸ்காலர்ஷிப்புக்காக, கேஸ் மானியத்துக்காகப் புதிய கணக்குத் தொடங்கும்போது ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதில் இணைப்புக்கான சம்மதமும் இருந்திருக்கும். போனில் *99*99*1# அடித்து ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி என்று தெரியும். இ-சேவை மையத்தில் ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையும் பார்க்கலாம். வீட்டில் எல்லாப் பாஸ்புக்கையும் எடுத்துப் போட்டு அந்த வங்கியின் புத்தகத்தில் என்ட்ரி போடுங்கள். நின்றுவிட்டதாக நினைத்த பணம் அங்கே சேர்ந்து கிடப்பதுண்டு.

எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்றால் முதலில் கே.ஒய்.சி. (வங்கியில் கொடுத்த அடையாள, முகவரி ஆவணங்கள்) பற்றிக் கேளுங்கள். ஜன் தன் கணக்குகள் பல 2014, 2015-ல் தொடங்கியவை; பத்தாண்டு ஆனதும் ஆவணங்களைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு முடங்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, பான் கார்டு (இல்லையென்றால் அதற்குப் பதிலான உறுதிமொழிப் படிவம்), இரண்டு போட்டோ கொண்டுபோங்கள். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயரின் முதலெழுத்து வேறாக இருந்தால் அதையும் அன்றே சரிசெய்யுங்கள்.

வங்கியில் குறையே இல்லை என்றால்தான் தகுதிப் பிரச்சினை. திட்டம் தொடங்கியபோது வகுத்த வரம்புகள்: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், கார், ஜீப், டிராக்டர் போன்ற வாகனம் இருக்கக் கூடாது. இவற்றில் உண்மையான ஏழை வீடுகள் மாட்டுவது இரண்டில். 3,600 யூனிட் என்பது இரண்டு மாத பில்லுக்குச் சராசரி 600. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் அது தாண்டிவிடும். வீட்டுக்காரரிடம் மூன்று குடித்தனம் என்று எழுதி வாங்கி, மின் இணைப்பு எண்ணோடு மனுவில் வையுங்கள். இன்னொன்று, விற்றுவிட்ட பழைய கார். வண்டி போய்விட்டாலும் ஆர்.சி. புத்தகம் கணவர் பெயரிலேயே இருந்தால் கணினிக்கு அவர்தான் உரிமையாளர். வாங்கியவரைப் பிடித்து 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

நிராகரிப்புத் தகவல் வந்தால் 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. "என் விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்யவும்" என்று மொட்டையாக எழுதும் மனு திரும்பி வரும். எந்தக் காரணம் சொன்னார்களோ அந்த ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கான ஒரே ஒரு ஆதாரத்தை வையுங்கள். ஒப்புகை எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணோடு மனுக் கொடுங்கள். ஓ.டி.பி. கேட்டு யார் போன் செய்தாலும், தாலுகா ஆபீஸிலிருந்து என்றாலும், சொல்லாதீர்கள்.

இதில் எங்கள் ஆதங்கம் ஒன்று உண்டு. மின் கட்டணம் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன் தகவல் சொல்கிறார்கள். ஒரு வீட்டின் பால் காசை நிறுத்துவதற்கு முன்னும் என்ன காரணம், எத்தனை நாளில் யாரிடம் முறையிடலாம் என்று எழுத்தில் வர வேண்டும்.

கேள்வி: நாங்க காப்பி எஸ்டேட் வேலைங்க. பணம் ஏறுது, ஆனா எடுக்க முடியல. ரேகை விழ மாட்டேங்குது. பேங்குக்குப் போய்வந்தா ஒரு நாள் கூலி போயிருது.
– வாசகர், நாகலூர், ஏற்காடு

காப்பி பறித்து, கிளை கழித்து, களை வெட்டும் கைகளில் ரேகை தேய்ந்துபோவது சகஜம். கட்டைவிரலையே திரும்பத் திரும்ப வைக்காமல், கையைக் கழுவி, லேசான ஈரத்தோடு பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மோதிர விரல் விழும். முகம் பார்த்து உறுதிசெய்யும் வசதி இருக்கிறதா என்று, ரேகைக் கருவியோடு வந்து பணம் தரும் வங்கி முகவரிடம் கேளுங்கள். ஆதார் மையத்துக்குப் போகும் நாளில் ரேகையைப் புதுப்பித்துவிடுங்கள்.

பலர் மறந்துவிடும் ஒன்று: வங்கிக் கிளையில் பாஸ்புக்கும் பணம் எடுக்கும் சீட்டும் கொடுத்து எடுப்பதற்கு ரேகைக் கருவியே வேண்டாம். அஞ்சலக வங்கி வழியாகத் தபால்காரரும் ஆதாரை வைத்துப் பணம் தருவார், உங்கள் கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும். எஸ்டேட் லைனில் நான்கு குடும்பம் சேர்ந்து ஒரே நாளில் வரச் சொன்னால் அவருக்கும் சுலபம்.

கருவியில் பணம் கழிந்து, கையில் வராமல் போனால் "நாளைக்கு வா" என்பதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். சீட்டை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஐந்து நாளுக்குள் அது கணக்குக்குத் திரும்ப வேண்டும்; தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆயிரத்துக்கு இருபது ரூபாய் "சர்வீஸ்" என்று முகவர் பிடித்தால் அதற்கும் சீட்டுக் கேளுங்கள்; பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு அது நின்றுவிடும்.

மலையில் எந்த மாதம் பணம் தடைபடுகிறது என்பதும் கணக்கு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பு இருக்கும்போது ஒரு தவணை தள்ளிப்போனால் சமாளிக்கலாம். மழைக் காலத்தில், வேலை நாள் சுருங்கும்போது நின்றால், பிள்ளைக்குச் செருப்பும் கம்பளியும்கூட அடுத்த பறிப்புக்குத் தள்ளிப்போகும். ஆகவே கே.ஒய்.சி., ரேகை, பெயர்த் திருத்தம் எல்லாவற்றையும் கையில் கூலி இருக்கும் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: என் பெரியவனுக்கு ஐந்தாம் வகுப்பில் சிறுபான்மையினர் ஸ்காலர்ஷிப் வந்தது. இப்போது சின்னவன் ஏழாம் வகுப்பு. அவனுக்கு இல்லை என்கிறார்களே?
– வாசகர், கோட்டை, சேலம்

ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான அந்த உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022–23 கல்வியாண்டிலிருந்து நிறுத்திவிட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை இலவசமாகத் தருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். பள்ளிக் கட்டணம் இலவசம்தான். பையும் செருப்பும் பஸ்ஸும் வேறு கணக்கு. சின்னவனை எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு எழுத வையுங்கள். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், படிப்பது அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ. ஏழாம் வகுப்புக் கணக்கிலிருந்தே தயார்செய்யலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன், அங்கே குழந்தைகளுக்கான பணத்தைக் கொடுத்துப் பார்த்து நிறுத்திவிட்டார்கள் என்கிறான். நிறுத்தியதால் என்ன ஆனது?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

கொடுத்ததும் நிறுத்தியதும் இவ்வளவு பளிச்சென்று தெரிந்த உதாரணம் வேறு அரிது. கொரோனா காலத்தில், 2021-க்கு மட்டும், குழந்தை வரிச் சலுகையைப் பெரிதாக்கினார்கள்: ஆறு வயதுக்குட்பட்டவருக்கு ஆண்டுக்கு 3,600 டாலர், 17 வயது வரை 3,000 டாலர். அதில் பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் கணக்கில் போட்டார்கள். வருமானமே இல்லாத வீட்டுக்கும் முழுதாகக் கொடுத்ததுதான் முக்கியம். அதற்கு முன் பரம ஏழைகளுக்குத்தான் அது முழுதாகப் போய்ச் சேராமல் இருந்தது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலின்படி குழந்தை வறுமை 2021-ல் 5.2 சதவீதமாக இறங்கியது. திட்டத்தை நீட்டிக்கவில்லை. கொரோனா கால மற்ற உதவிகளும் முடிந்த 2022-ல் அது 12.4 சதவீதம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே நாட்டில் 2018-லிருந்து ஏழைத் தாய்மார் ஆயிரம் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு நான்கு வயதானபோது மொழித்திறன் போன்றவற்றில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இடையில் கொரோனா வந்ததும், எல்லோருக்குமே அரசுப் பணம் கிடைத்ததும் கணக்கைக் குழப்பியிருக்கலாம். பணம் கொடுத்தால் பிள்ளை கெட்டிக்காரன் ஆவான் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பணத்தை நிறுத்தினால் வீட்டில் எது குறையும் என்பதில்தான் எங்களுக்குச் சந்தேகமில்லை.

கேள்வி: வீட்டுக்காரர் இறந்துட்டார். நான் ஜவ்வரிசி மில்லுக்குப் போறேன். ரெண்டு பிள்ளைங்க. விதவைப் பென்ஷன் வருது, அதனால உரிமைத் தொகை கிடையாதுன்னுட்டாங்க. பிள்ளைங்க பேர்ல ஏதாவது உண்டா?
– வாசகி, ஆத்தூர்

உண்டு அம்மா. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவு: குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. தந்தையை இழந்து தாயோடு இருக்கும் பிள்ளைகள் இதில் வருவார்கள். மனுக் கொடுக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கணவரின் இறப்புச் சான்று, பிள்ளைகளின் ஆதார், ரேஷன் கார்டு, பள்ளியில் படிக்கும் சான்று, வங்கிப் புத்தகம், வருமானச் சான்று வேண்டும்.

மனு நின்றுபோவது வருமானச் சான்றில்தான். கிராமப்புறத்தில் வரம்பு ஆண்டுக்கு 72,000; மற்ற இடங்களில் 96,000. மாதம் 6,000 அல்லது 8,000 என்று கொள்ளுங்கள். எங்கள் பார்வையில் இது மிகவும் கறாரான வரம்பு. இ-சேவையில் விண்ணப்பிக்கும்போதும் வி.ஏ.ஓ. விசாரிக்கும்போதும், மில்லில் வருடம் முழுக்க வேலை இல்லை, இத்தனை மாதம்தான், வாரம் இத்தனை நாள்தான் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "போட்டுக்குங்க சார், ஒரு லட்சம்" என்று விட்டுவிட்டால் மனு அங்கேயே முடிந்தது. இறந்துபோன கணவரின் பழைய சம்பளத்தைச் சேர்த்து எழுதிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

கிடைத்த பிறகு நிற்பதற்கும் காரணங்கள் உண்டு. பிள்ளை முப்பது நாளுக்கு மேல் பள்ளிக்கு ஒழுங்காகப் போகாவிட்டால் நிறுத்தி வைப்பார்கள். அம்மை, விபத்து என்றால் மருத்துவச் சீட்டைப் பள்ளியில் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். விடுதியில் சேர்த்தாலும் நின்றுவிடும். ஆகவே விடுதியா, வீட்டில் வைத்து 4,000 ரூபாயா என்று முன்பே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: மகள் பெயரில் அரசு போட்ட பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டப் பத்திரம் இருக்கிறது. கஷ்டத்துக்கு அதை இப்போதே எடுக்க முடியுமா? ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.
– வாசகர், இளம்பிள்ளை

முடியாது. 18 வயது முடிந்து, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதியிருந்தால்தான் வட்டியோடு கைக்கு வரும். கஷ்டத்துக்காக அவளை இந்த வருடம் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பினால் அந்தத் தொகையும் சேர்ந்து போகும். வைப்புத்தொகையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பத்திரத்தில் கடைசியாக எந்தத் தேதி இருக்கிறது என்று பார்த்து, தவறியிருந்தால் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போங்கள். பத்திரத்தை வைத்துக்கொண்டு கடன் தருகிறேன் என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.